கரண்டியின் முதுகு

ஹிமி ஊரில் டிசம்பரில் இடி இடித்தால்
கடலடியில் தூங்கும் புரி மீனை
வானம் தட்டி எழுப்புகிறது என்பார்கள்.
நேற்றிரவு மூன்று முறை தட்டியது.

இன்று மாலை
பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
பனி அப்பிய காலணியோடு சிஸுரு வந்தபோது
கதவுப் பிடியில் ஒரு பை.
உள்ளே புரி, இரண்டு துண்டு, செய்தித்தாள் சுற்றி.
சீட்டு எதுவும் இல்லை. தேவையும் இல்லை.
மேல்வீட்டுக் குமகாயைத் தவிர யார்?
அவன் குளியலறை ஒழுகித்தான்
இவள் கூரையில் அந்தப் படம் என்பது இவள் கணக்கு.
பதினோரு வாரமாக வளர்கிறது,
சோயா சாஸ் நிறத்தில்.

மீனைக் கொடுத்து வாயை அடைக்கிறானா?

மேசையில் கடிதம், நிர்வாக அலுவலகத்துக்கு.
முதலில் நாலு பக்கம். பிறகு இரண்டு.
இப்போது ஐந்தே வரி.
சுண்டச் சுண்டக் காரம் ஏறியிருக்கிறது.

கடைப் புட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள்.
ஒரு சொட்டு, அதுவும் யோசித்துக்கொண்டு.
இந்தப் பனியில் இனி யார் கடைக்குப் போவது.
சோயா இருக்கிறது. சாக்கே இருக்கிறது.
மிரின், அடியில் ஒரு விரற்கடை.
மீதி இனிப்பைச் சர்க்கரை பார்த்துக்கொள்ளட்டும்.
தேநீர்க் கோப்பைதான் அளவு.

முதலில் சாராய நெடி எழுந்து கண்ணைக் கரித்தது.
பிறகு சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.
சின்னக் குமிழ்கள் பெரிய குமிழ்களாகி
ஒன்றின் தோளில் ஒன்று ஏறின.

புரியும் தெரியும் அங்கே வேறு சொற்கள்.
ஒன்று மீன், ஒன்று மினுக்கம்.
நம் புரிதலுக்கும் தெரிதலுக்கும்
அவற்றோடு எந்த உறவும் இல்லை, அறிவேன்.
ஆனாலும் வாணலிக்குள் எட்டிப் பார்த்தவளுக்கு
அந்த இருட்டுச் சாற்றில்
முகம் தெரிந்தது, முகத்துக்கு மேலே விளக்கு,
விளக்குக்குப் பக்கத்தில் கறை.

இன்னும் நீர்த்திருக்கிறதே என்று விட்டாள்.
இன்னும் கொஞ்சம்.
மீனின் தோல் மொறுமொறுக்கும்வரை இன்னும் கொஞ்சம்.
அங்கேதான் பிசகியது.
கொதிக்கும்போது எதுவும் கெட்டியாகத் தோன்றுவதில்லை.
மீனைத் தட்டில் எடுத்துவிட்டுத் திரும்பினால்
அணைத்த அடுப்பில், கரண்டி
தானாக நின்றுகொண்டிருந்தது.
தூக்கினாள். வாணலியும் கூட வந்தது.

அவள் திட்டியது கரண்டியையா, மேல்வீட்டையா,
அவளுக்கே தெரியாது.

ஊற வைத்துத் தேய்க்கலாம் என்று
கெண்டியின் வெந்நீரைக் கொட்டினாள்.
ஓரத்தில் ஒரு கறுப்பு இழை அசைந்தது.
இன்னொன்று.
கல்லாகிப் போனது கழன்று கழன்று
மறுபடி சாறாகிக்கொண்டிருந்தது,
ஒன்றும் நடக்காதது போல.

அரை நிமிடம் தீ.
கரண்டியின் முதுகில் தோய்த்து விரலால் கோடிழுத்தாள்.
கோடு மூடிக்கொள்ளவில்லை.
அப்போதே அணைத்தாள், நீர்த்திருக்கும்போதே.

சூடான வாணலியை வைக்க இடமில்லை.
கடிதத்தின் மேல் வைத்தாள்.

ஒரு துண்டை நின்றபடியே தின்றாள்.
நன்றாக இருந்தது. அது வேறு எரிச்சல்.
இன்னொரு துண்டு பளபளத்துக்கொண்டு கிடந்தது,
யாரையோ எதிர்பார்ப்பது போல.
மூடி எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.
மீனைத் தருவதா, கறையைக் கேட்பதா,
ஏழாம் படியிலும் முடிவாகவில்லை.

கதவு திறந்தது.
முழங்கை வரை நனைந்து, கையில் திருகுசாவியோடு குமகாய்.
அவனுக்குப் பின்னால் ஒரு வாளி,
ஒரு சோற்றுப் பானை, ஒரு பூச்சாடி,
மூன்றிலும் வேறு வேறு சுருதியில் சொட்டு.
அவன் கூரையில்,
அவளுடையதைவிட இரண்டு மடங்காக,
அதே நிறத்தில், அதே படம்.

“மூன்றாம் மாடியில் யார்?” என்றாள்.
“தட்டினால் திறப்பதில்லை” என்றான்,
கண்ணைத் தட்டிலிருந்து எடுக்காமல்.

வெளியே இடித்தது.
இரண்டு பேரும் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள்.